படத்தில் வந்த வீட்டுக்காரம்மா

விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. திரையில் ஒரு சின்னச் சமையலறை. அடுப்பில் குக்கர். ஊரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்த சித்தி ஒருத்தி, கையில் பையோடு வாசலிலேயே நிற்கிறாள். அடுப்படியில் நைட்டியும் தோளில் துண்டுமாக இன்னொரு பெண் நிற்பதை அவள் பார்க்கிறாள்.

"இது யாரு கண்ணு?" என்று கேட்கிறாள் சித்தி.

கதாநாயகி கையைத் துடைத்துக்கொள்கிறாள். துடைத்த கையையே மறுபடியும் துடைக்கிறாள். பிறகு சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரம்மா, சித்தி."

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் வரி ஓடியது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பத்தாம் வகுப்பு, அதுவும் தமிழ் மீடியம். ஆனால் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் தெரிந்திருக்கும். 'லேண்ட்லேடி.' வீட்டு ஓனர்.

திரையில் சித்திக்குக் கண் கலங்குகிறது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள்.

ஹாலில் இருந்தவர்கள் பெரும்பாலும் மராட்டிக்காரர்கள், ஹிந்திக்காரர்கள். கீழே ஓடும் வரியை நம்பிப் படம் பார்க்கிறவர்கள். வீட்டு ஓனரைப் பார்த்து ஒரு சித்தி ஏன் அழ வேண்டும்? முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து என்னவோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நிசப்தத்தில்தான் என் பக்கத்து நாற்காலியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. லோகாவின் சிரிப்பு பழைய ஆட்டோவைப் போல. இரண்டு தடவை முக்கும், மூன்றாவது தடவை பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் நிறுத்த முடியாது.

"சும்மா இரு" என்று தொடையில் கிள்ளினேன். கிள்ளிக்கொண்டே நானும் சிரித்துவிட்டேன். இருட்டில் பல தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

நீங்கள் அறிந்த லோகா

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு லோகநாயகியைத் தெரியும். புனேயில், தாபோடிப் பகுதியில் இட்லி மாவு அரைத்து விற்பவள். என்னோடு சந்தைக்கு வந்தவள், மழையில் குடை பறக்கவிட்டவள், நான் டைஃபாய்டில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவளைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'எங்கள் வீட்டுக்காரம்மா' என்றே எழுதி வந்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "உங்களுக்குக் கிடைத்தது போல் ஓனர் யாருக்குக் கிடைப்பார்? எங்கள் ஓனர் மோட்டார் போடவே கணக்குப் பார்க்கிறார்." அதை லோகாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கும் ஆட்டோ ஸ்டார்ட் ஆனது.

அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓனரையும் வீட்டுக்காரம்மா என்போம். மனைவியையும் எங்கள் வேலூர்ப் பக்கத்து ஆண்கள் அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை வாரமாக நீங்கள் ஒரு அர்த்தத்தில் படித்து வந்தீர்கள். நான் இன்னொரு அர்த்தத்தில் எழுதி வந்தேன்.

அப்பாடா. எழுதிவிட்டேன். அந்தப் படம் பார்த்ததிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பயமும் இருக்கிறது. பக்கத்து வீட்டு வள்ளியக்கா ஒவ்வொரு வாரமும் என்னிடம் இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிப்பாள். எங்கள் வரிசையில் தமிழ் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். நான் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் அவள் இதில்தான் தெரிந்துகொள்கிறாள். இதையும் இதில்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, அல்லது இந்த வாரம் மட்டும் பத்திரிகை தபாலில் வரவில்லை என்று சொல்லிவிடலாமா? இதை எழுதும் இந்த நேரம்வரை முடிவு செய்யவில்லை.

பீரோ நகர்ந்த கதை

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் அவள் நிஜமாகவே ஓனர்தான். நிஜமாகவே நான் வாடகைக்குத்தான் வந்தேன்.

லோகாவின் அப்பா வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்த்துக் கட்டிய வீடு அது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் கதவு. அப்பா அம்மா போன பிறகு லோகா பின் அறையில் இருந்துகொண்டு முன் அறையை வாடகைக்கு விட்டாள். நர்சரிப் பள்ளியில் ஆயா வேலைக்கு வந்த நான் குடியேறினேன். நடுக்கதவை மறைத்து அவள் பக்கம் ஓர் இரும்பு பீரோ நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மாவு அரைக்கும் சத்தம், இந்தப் பக்கம் என் ரேடியோ. ஒரு மழைக்காலத்தில் என் அறைக் கூரை ஒழுகியது. லோகா தனியாகவே பீரோவைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். "இங்க வந்து படு. காஞ்சதும் போயிக்கலாம்" என்றாள்.

கூரை சரியான பிறகும் பீரோ பழைய இடத்துக்குப் போகவில்லை. சிமெண்ட் தரையில் அது இழுபட்ட கோடு இன்னும் இருக்கிறது. கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் தட்டும்.

வெளியில் யாராவது கேட்டால் நான் "எங்க வீட்டுக்காரம்மா" என்பேன். முதல் வருஷம் அது உண்மை. பிறகும் உண்மை. பொய்யே சொல்லாமல் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றித் தந்த சொல் அது. தமிழுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கதாநாயகனைக் கழித்துவிட்டு

சினிமாவுக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் படப் பைத்தியங்கள். ஆனால் எங்களைப் போன்றவர்கள் படத்தில் வந்தால் எப்படி வருவார்கள் என்று தெரியும்.

லோகா சின்னப் பெண்ணாக இருந்தபோது, காலனியில் யாராவது ஒரு வீட்டில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார்களாம். இடுப்பை ஆட்டி, கைக்குட்டையை வாயில் கடித்துக்கொண்டு ஓர் ஆண் வருவான். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். அவள் அப்பாவோடு அதே ஷிஃப்டில் வேலை செய்த ஒருவர் மட்டும் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் சிரித்துக்கொண்டே இருப்பாராம். கல்யாணம் ஆகாதவர், யார் வீட்டிலும் சாப்பிட மாட்டார். "அந்தச் சிரிப்பு எனக்கு அப்பவே இன்னாவோ பண்ணும் வசந்தா" என்று லோகா இன்றும் சொல்வாள்.

பெண்களுக்கு அந்த இடமும் கிடையாது. கதாநாயகியின் தோழி என்று ஒருத்தி வருவாள். பூப்பறிப்பாள், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பாள், கல்யாணத்தில் அட்சதை போடுவாள். அதோடு அவளுக்கு வேலை முடிந்தது.

எனவே நாங்கள் எங்களுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தோம். கதாநாயகனைக் கழித்துவிட்டுப் பார்ப்பது. அவன் வந்தால் லோகா அரிசி களையப் போய்விடுவாள். "போயிட்டானா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். நான் "போயிட்டான்" என்றதும் ஈரக் கையோடு வந்து உட்காருவாள். கதாநாயகியும் தோழியும் ஆற்றங்கரையில் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அதுதான் படம். கல்யாண மேளம் கேட்டால் டிவியை அணைத்துவிடுவோம். அப்படிப் பார்த்தால் எல்லாப் படமும் சுகமாகத்தான் முடியும்.

ஒரு காலத்தில் ஒரு ஹிந்திப் படத்தில் அப்படி இரண்டு பெண்கள் வருகிறார்களாம், தியேட்டர் வாசலில் போலீஸ் நிற்கிறதாம் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் அந்தத் தியேட்டர் பக்கம் போகும் பஸ்ஸில்கூட ஏறவில்லை.

பிறகு, எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று கோர்ட் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு லோகா ஜிலேபி வாங்கி வந்தாள். "இன்னா விசேஷம்?" என்று வள்ளியக்கா கேட்டாள். "மாவு நல்லாப் பொங்கிச்சிக்கா" என்றாள் லோகா. வள்ளியக்கா ஜிலேபியைத் தின்றுகொண்டே, இதற்கெல்லாமா ஜிலேபி என்று என்னைப் பார்த்தாள்.

இப்போது ஃபோனில் எல்லாம் வருகிறது. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், எந்தெந்த நாட்டிலோ. ஆளுக்கு ஒரு இயர்ஃபோன் வைத்துக்கொண்டு பார்ப்போம். அழகாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசிப் படத்தில் இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போவார். சாகாவிட்டால் ரயில் ஏறிப் போவார். அதனால் எந்தப் படம் ஆரம்பித்தாலும் லோகாவின் முதல் கேள்வி: "இதுல யாரு சாவப் போறாங்க?"

கண் டாக்டரிடம் போகிறோம்

இந்தப் படத்தைப் பற்றி ஃபோனில்தான் பார்த்தேன். புனேயில் தமிழ்க் குறும்படம், அனுமதி இலவசம் என்று ஒரு அறிவிப்பு. அறிவிப்பில் இருந்த படத்தில் இரண்டு பெண்கள் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தேய்க்கிறாள், இன்னொருத்தி அலசுகிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டு இல்லை, மழையில் நனைந்துகொண்டு இல்லை. பாத்திரம் கழுவுகிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

லோகாவிடம் காட்டினேன்.

"யாராவது சாவாங்களா?"

"போடலியே."

"அப்ப ஒருத்தி சாவா" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாவு வியாபாரத்தைக் காலையோடு முடித்துவிட்டு, சிவப்பு வாயில் புடவையை எடுத்துக் கட்டினாள்.

வாசலில் வள்ளியக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அரே, ரெண்டு பேரும் ஜோரா கெளம்பிட்டீங்க? எங்க?"

லோகாதான் சொன்னாள். "கண்ணு டாக்டராண்ட. இவளுக்குப் பார்வ மங்கலாத் தெரியுதாம்."

"ஓனரே டாக்டராண்ட கூட்டினு போறதப் பாரு" என்றாள் வள்ளியக்கா. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். நான் கேட்கும் அளவுக்குத்தான் தாழ்த்தினாள். "லோகா, நிக்டியில ஒரு நல்ல ஃபேமிலி ரூம் தேடுது. சொல்லட்டா? எத்தினி வருசம் ஒரே ஆளுக்கே உட்டுனு இருப்ப?"

வள்ளியக்காவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. லோகா ஏமாந்த ஓனர் என்று அவளுக்கு நிஜமான கவலை. வருஷத்துக்கு ஒரு குடும்பமாவது கொண்டுவருவாள்.

ஏணி

சித்தி அழுத காட்சிக்குப் பிறகு படம் இப்படிப் போனது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் வரவில்லை. கதாநாயகி பார்க்கப் போகிறாள். சுவரில் சாய்த்த இரும்பு ஏணி. ஒரு படி ஆடுகிறது.

"முடிஞ்சிது" என்றாள் லோகா. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன் இல்ல? வுழப் போறா."

"பேசாம பாரு."

அவள் மேலே ஏறுகிறாள். கீழே நைட்டிக்காரி நிற்கிறாள். காற்றில் துணி படபடக்கிறது. லோகாவின் மோதிரம் என் விரலில் பதிந்தது. வேண்டாம், இவர்களையாவது விட்டுவிடுங்கள் என்று யாரிடமோ வேண்டிக்கொண்டேன்.

"வால்வ அந்தப் பக்கம் திருகு!" என்று கீழேயிருந்து நைட்டிக்காரி கத்தினாள்.

"நான் என்ன இந்தப் பக்கமா திருகறேன்?"

"நீ எப்பவும் இந்தப் பக்கம்தான் திருகுவ!"

தண்ணீர் கொட்டுகிற சத்தம். ஏறியவள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். தரையில் கால் வைத்தாள். இருவரும் யார் சரி என்று சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள். உள்ளே சித்தி மூன்று டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். படம் முடிந்தது.

யாரும் சாகவில்லை. ரயில்கூட வரவில்லை.

விளக்கு போட்டபோது பார்த்தேன், லோகாவின் கன்னம் ஈரமாக இருந்தது. என் கையை விடவில்லை. நானும் விடவில்லை. விட வேண்டும் என்ற ஞாபகமே இருவருக்கும் வரவில்லை.

மைக் வந்தது

படம் எடுத்தவள் மேடைக்கு வந்தாள். நித்யா. கோயம்புத்தூர்ப் பெண், கோந்த்வாவில் குடியிருந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். முன் வரிசையில் இருந்தவர் முதல் கேள்வியாக, லேண்ட்லேடியைப் பார்த்து அந்த அம்மா ஏன் அழுதார் என்று ஹிந்தியில் கேட்டார்.

"லேண்ட்லேடியா? என் படத்துல எங்கீங்க லேண்ட்லேடி?" நித்யா தமிழிலேயே கத்திவிட்டாள். பிறகு திரும்பி, ஓரத்தில் நின்ற ஒரு பையனைப் பார்த்தாள். கீழே ஓடும் வரிகளை எழுதிய நண்பன் அவன்தான். இங்கேயே, புனே பக்கத்து நிக்டியில் பிறந்து வளர்ந்த தமிழன்.

"வீட்டுக்காரம்மான்னா... ஓனர்தானே?" என்றான் அவன், தமிழைத் தேடித் தேடி. "நான் ஃப்ளாட் ஓனரை அப்படித்தான் கூப்பிடறேன். அவங்களும் திரும்பிப் பாக்கறாங்க."

"எங்கூர்ல எங்கப்பா எங்கம்மாவ அப்படித்தான்டா சொல்லுவாரு!"

நித்யா தலையில் அடித்துக்கொண்டு நடந்ததை ஹிந்தியில் விளக்கினாள். ஹால் குலுங்கிவிட்டது. பையன் முகத்தை மூடிக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் அவள் நெற்றியில் கையை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தாள். "அப்பவே ரெண்டு பேர் சிரிச்சாங்களே, நான் பின்னாடி நின்னு கேட்டேன். யாருங்க அது?"

நான் நாற்காலியில் சரிந்தேன். நர்சரியில் கொடியேற்றும் நாளில்கூட மைக் பக்கம் போகாதவள் நான்.

லோகா கையைத் தூக்கினாள்.

அவள் கை என் கைக்குள் இருந்தது. அதனால் என் கையும் கூடவே மேலே போனது. அத்தனை பேர் நடுவில், இரண்டு கைகள் ஒன்றாக, விரல் கோத்து. கீழே இழுத்தால் அசிங்கம், மேலே வைத்திருந்தால் பயம். அப்படியே இருந்தேன்.

மைக் கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. "நீங்க சொல்லுங்கக்கா, உங்க வீட்டுல எந்த அர்த்தத்துல சொல்லுவீங்க?" என்று நித்யா சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான் எங்கள் கைகளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

லோகா எழுந்தாள். அவளுக்கு மேடைத் தமிழ் வராது, மேடை ஹிந்தியும் வராது. தாபோடி பாஷைதான் வரும். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கர் பீ மேரா. பாய்கோ பீ மேரீ."

வீடும் என்னுடையது, பெண்டாட்டியும் என்னுடையவள். பாய்கோ என்றால் மராட்டியில் மனைவி. அந்த ஒரு சொல்லுக்குக் கீழே வரி தேவைப்படவில்லை. விசில் பறந்தது. முன் வரிசைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு பெண் ஓடிவந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள், யாரென்றே தெரியாது.

வரி எழுதிய பையன் அருகில் வந்து, "சாரி ஆண்ட்டி, தப்பாப் போட்டுட்டேன்" என்றான்.

மைக் என் முன்னால் இருந்தது. என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "தப்பு இல்லப்பா. பாதி சரி."

என் குரல் ஹாலின் நான்கு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பக் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் என்ன சொன்னார்

திரும்பும்போது பஸ்ஸில் லோகா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த ஏணிச் சண்டையை இரண்டு குரலிலும் பேசிக் காட்டிக்கொண்டே வந்தாள். "இந்தப் பக்கம்தான் திருகுவ... சொல்லு, நீயும் எப்பவும் இந்தப் பக்கம்தான் திருகுவ." நான் சிரித்த சிரிப்பில் எங்கள் நிறுத்தத்தைத் தவறவிட்டோம்.

வள்ளியக்கா குழாயடியில் இருந்தாள். "இன்னா சொன்னாரு டாக்டரு?"

"இப்ப நல்லாத் தெரியுதாம்" என்றாள் லோகா.

"கண்ணாடி வேணாமா?"

"வேணாமாம்."

இந்த அத்தியாயத்தை நேற்று மாலை எழுதி முடித்தேன். லோகாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எப்போதும் போல நான் படித்துக் காட்ட, மாவு அளந்து பையில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வார்த்த எது? காட்டு."

விரல் வைத்துக் காட்டினேன். 'வீட்டுக்காரம்மா.'

"இம்மாம் நீளமா? மராட்டில மூணே எழுத்து" என்றாள். காகிதத்தில் அவள் விரல் பட்ட இடத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

நான் கேட்டேன். "வள்ளியக்கா கேட்டா இந்த வாரம் புக்கு குடுக்கவா, வேணாமா?"

அவள் நடுக்கதவைப் பார்த்தாள். தரையில் பீரோ இழுபட்ட கோட்டைப் பார்த்தாள். மறுபடியும் மாவுப் பாத்திரத்தின் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"குடு. பாவம், எத்தினி வருசமா எனக்கு ஆளு பாத்துனு கீறாங்க. இனிமேலாவது ரெஸ்ட் எடுக்கட்டும்."